நுவரெலியா கோல்ஃப் கிளப்: மைதானம் நல்லது, கேடி அதைவிட நல்லவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுவரெலியா கோல்ஃப் கிளப்பில் பார் இருக்கிறது, பில்லியர்ட்ஸ் அறை இருக்கிறது, சாப்பாட்டு மண்டபம் இருக்கிறது, பட்மின்டன் ஆடக்கூட மண்டபம் இருக்கிறது. இதற்காகவெல்லாம் கொழும்பிலிருந்து மலையேறி வரத் தேவையில்லை. வருவதென்றால் இரண்டு காரணங்களுக்காக வரலாம். ஒன்று, ஊரின் நடுவே ஆறாயிரம் அடிக்கு மேலான உயரத்தில் 1889இலிருந்து இருக்கிற அந்தப் பதினெட்டுக் குழி மைதானம். இன்னொன்று, அந்த மைதானத்தின் ஒவ்வொரு சரிவையும் மனப்பாடமாக வைத்திருக்கிற கேடிமார், அதாவது பையைச் சுமந்து கூட நடந்து, எந்த மட்டை, எந்தத் திசை என்று சொல்லித் தருகிறவர்கள்.

நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. என் ஹண்டிகப் 28 (ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் எண், குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர்). கொழும்பில் காப்புறுதிக் கம்பனி வேலை. வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் கோல்ஃப் ஆடுகிறவர்கள் என்பதால், நாற்பது வயதுக்கு மேல் மட்டையைப் பிடித்தேன். முதலில் வேலைக்காக, அப்புறம் எனக்காக. சொந்த ஊர் கொட்டகலைப் பக்கம். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஆகவே நுவரெலியா எனக்குச் சுற்றுலா ஊர் இல்லை. பல் வலி என்றால் ஆஸ்பத்திரிக்கும், தீபாவளி என்றால் துணி எடுக்கவும் போன டவுன். இந்த மைதானத்தைச் சின்ன வயதில் பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே போகலாம் என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதைப் பெரிய சோகக் கதையாக்க விருப்பமில்லை. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் இங்கே முக்கியம். அங்கத்தவராக இருக்க வேண்டியதில்லை. வந்துபோகிறவர்களுக்குத் தற்காலிக அங்கத்துவம் தருகிறார்கள், மைதானக் கட்டணம் கட்டினால் ஆடலாம். மட்டை இல்லாதவர்களுக்கு வாடகை மட்டையும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நாங்கள் தங்கிய ஹோட்டலில் (பெயர் வேண்டாம்) “கோல்ஃபுக்கு எல்லாம் நாங்களே ஒழுங்கு செய்து தருவோம்” என்று தொலைபேசியில் சொன்னார்கள். காலையில் போய்க் கேட்டால் வரவேற்பில் இருந்த பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. நடந்து போய் கிளப்பிலேயே நேரில் கேட்டு நேரம் வாங்கினேன். நடுவில் ஆள் வைக்காமல், நேராகக் கிளப்புடன் பேசிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு என்றால் முன்கூட்டியே.

உடை விஷயத்தில் பழைய முறைதான். காலர் வைத்த சட்டை வேண்டும். கால்சட்டை அரைக்காலாக இருந்தாலும் மரியாதையான நீளத்தில் இருக்க வேண்டும். கோல்ஃப் சப்பாத்தும் வேண்டும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு. இது எனக்குத் தொந்தரவாகப் படவில்லை, இவருக்குப் பட்டது. (இவர் என்றால் என் வீட்டுக்காரர். கோல்ஃப் என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் குளிருக்கும் தேத்தண்ணீருக்கும் எங்கே கூப்பிட்டாலும் வருவார்.) பக்கத்திலேயே 1876இல் தொடங்கிய ஹில் கிளப் இருக்கிறது. அங்கே இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்ட வேண்டும் என்று கேட்டதும், கோல்ஃப் கிளப் எவ்வளவோ பரவாயில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

சரி, மைதானத்துக்கு வருகிறேன்.

ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவான கோர்டன் ஹைலண்டர்ஸ் சிப்பாய்கள் தொடங்கி வைத்த மைதானம் என்கிறது கிளப் வரலாறு. சாமுவேல் பேக்கர் 1848இல் இங்கே குடியேறி, பசு மாடும் காய்கறி விதையும் கொண்டுவந்து இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை உண்டாக்கப் பார்த்த கதை எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு 1873இல் கிரகறி வாவி, 1875இல் குதிரைப் பந்தயத் திடல், அப்புறம் இந்த கோல்ஃப். துரைமாருக்குத் தோட்டத்தில் போரடிக்காமல் இருக்க என்னென்ன வேண்டுமோ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கிறது. அந்த வரிசையில் நம் ஆட்களுக்கு வந்தது லயம் என்கிற வரிசை வீடு மட்டும்தான் என்று அப்பா சொல்வார். அவர் அப்படித்தான், எதைப் பார்த்தாலும் கணக்குப் பார்ப்பார்.

ஆனால் அந்தச் சிப்பாய்கள் இடம் பார்த்த விதத்தைப் பாராட்டத்தான் வேண்டும். மைதானம் ஊருக்கு வெளியே எங்கோ ஒதுங்கி இல்லை. தபாற்கந்தோரின் செங்கல் கோபுரம், கிராண்ட் ஹோட்டல், கடைத்தெரு எல்லாம் நடந்து போகிற தூரத்தில். வடக்கே இலங்கையின் மிக உயரமான மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர், மேகம் விலகினால் தெரியும். சைப்ரஸ், டர்பன்டைன் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கின்றன. ஃபேர்வே, அதாவது பந்து போக வேண்டிய புல்வெளிப் பாதை, குறுகல். குறுக்கே ஓடைகள். சமதரை என்று ஒன்று அபூர்வம். பந்து காலுக்கு மேலே இருக்கும், இல்லை கீழே இருக்கும்.

தூரத்தைப் பார்த்தால் இது குட்டையான மைதானம். இன்றைய சர்வதேசப் போட்டி மைதானங்கள் 7,000 யாருக்கு (கெஜத்துக்கு) மேல் நீள்கின்றன. இது அதற்குப் பக்கத்திலும் வராது. டிரைவர் என்ற நீள மட்டையை எடுத்து முழுப் பலத்துடன் விளாசுவதுதான் கோல்ஃப் என்று நினைக்கிற ஆண்பிள்ளைகளுக்கு இங்கே கொஞ்சம் வேதனையாக இருக்கும். எங்களுக்கு முன்னால் போன கூட்டத்தில் ஒரு தம்பி அப்படித்தான். பந்து வானத்தில் அழகாகத்தான் போகும், அப்புறம் மரத்தில் ‘டொக்’ என்ற சத்தம் கேட்கும். என்னைப் போல நேராகக் கொஞ்ச தூரம் அடிக்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். கொழும்பில் எனக்கு எட்டாத கிரீன்கள் (குழி இருக்கிற வழவழப்பான புல்தரை) இங்கே இரண்டாவது அடியிலேயே எட்டின.

அதற்கு உயரமும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர். காற்று அடர்த்தி குறைவு, பந்தைத் தடுப்பதும் குறைவு. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு வீதம் கூடுதலாகப் பறக்கும் என்று கணக்குப் போடலாம். ஆகவே கொழும்பில் 150 யார் போகிற அடி, இங்கே 160 யாரைத் தொடும். இது எனக்குக் காகிதத்தில் தெரிந்த விஷயம். கையில் தெரிந்தவர் என் கேடி.

வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மெலிந்த ஆள், கம்பளித் தொப்பி, பழைய ரப்பர் பூட்ஸ். முதலில் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார்.

“குட் மோர்னிங் மேடம். ஃபர்ஸ்ட் டைம்?”

“இல்லண்ணே, முந்தியும் வந்திருக்கேன்.”

அவ்வளவுதான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “அட, நம்ம புள்ளையா? எந்தப் பக்கம்மா?”

“கொட்டகலை.”

“கொட்டகலையில எந்தத் தோட்டம்?”

முதல் டீ என்கிற தொடக்க மேடையிலிருந்து முதல் கிரீன் வரைக்கும் அந்த விசாரணைதான். தோட்டம், டிவிஷன், அப்பா பெயர், தாத்தா பெயர், கடைசியில் அவருடைய மச்சினன் பொண்டாட்டி எங்கள் டிவிஷன்காரி என்று கண்டுபிடித்த பிறகுதான் விட்டார். அதற்குள் நான் இரண்டு அடி அடித்திருந்தேன். இரண்டையும் அவர் கவனித்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த குழியில் ஏழாம் அயர்னைக் கேட்டேன் (அயர்ன் என்றால் இரும்புத் தலை மட்டை, எண் கூடக் கூடப் பந்து போகிற தூரம் குறையும்). எட்டை நீட்டினார்.

“ஏழு வேணாம்மா. உங்க அடிக்கு எட்டு போதும். ஏழுல அடிச்சா கிரீனுக்குப் பின்னால போயிரும், அங்க இறங்கினா ஏற முடியாது.”

எட்டில் அடித்தேன். கிரீனின் நடுவில் விழுந்தது. சரி, உயரம் காரணம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். விடியக்காலையில் இந்தக் கணக்குப் பலிக்காதாம். குளிரில் பந்து இறுகிப் போயிருக்கும், புல்லில் பனி இருக்கும், அப்போது ஏழுதானாம். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏறினால் எட்டு. ஜனவரி, பெப்ரவரியில் இங்கே புல்லில் உறைபனி விழுகிற காலைகள் உண்டு; அப்போது இன்னொரு கணக்கு. குளிர்ந்த பந்து குறைவாகப் பறக்கும் என்பது விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிற உண்மைதான். எந்த நேரத்தில் எந்த மட்டை என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

கிரீன்கள்தான் இந்த மைதானத்தின் உண்மையான பரீட்சை. கண்ணுக்கு இடது பக்கம் சரிவு மாதிரித் தெரியும், பந்து வலது பக்கம் போகும். சுற்றிலும் மலை இருப்பதால் கண் ஏமாறுகிறது. நான் குனிந்து, நிமிர்ந்து, மட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்து, தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் செய்கிற எல்லாம் செய்தேன். அண்ணன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கொடிக்கம்பின் நுனியால் ஒரு இடத்தைக் காட்டி, “இங்க அடிங்க” என்றார். குழியிலிருந்து இரண்டு அடி தள்ளி இருந்தது அந்த இடம்.

“எப்படித் தெரியும்ணே?”

“மழை பெய்யிறப்ப வந்து பாத்திருக்கேன்மா. தண்ணி எந்தப் பக்கம் வழியுதோ, பந்தும் அந்தப் பக்கந்தான்.”

இதைக் கேட்டபோது, நான் கொழும்பில் கட்டணம் கட்டிப் போன பயிற்சி வகுப்புகளெல்லாம் நினைவுக்கு வந்தன. ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. மழை பெய்யும்போது எல்லாரும் கிளப்ஹவுஸுக்குள் ஓடுவோம். கேடிமார் மரத்தடியில் நிற்பார்கள், நின்று பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 2019இல் கோல்ஃப் விதிகள் மாறின. ஆட்டக்காரர் நிலையெடுக்கத் தொடங்கியதும் கேடி அவருக்குப் பின்னால் குறிவைக்கும் கோட்டில் நிற்கக் கூடாது. காணாமல் போன பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் இருந்தது, இப்போது மூன்று. கொடிக்கம்பை எடுக்காமலே புட் பண்ணலாம், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டலாம். கொழும்பில் என்னோடு ஆடுகிற பெரிய பதவிக்காரர்கள் சிலருக்கே இது சரியாகத் தெரியாது. அண்ணன் நான் நிலையெடுக்கத் தொடங்கியதும் ஒரு எட்டு ஒதுங்கிக்கொள்வார். நட்புக்காக ஆடுகிற ஆட்டம்தானே, நில்லுங்கள் என்றேன். “பழகிட்டா நாளைக்கு போட்டியில நின்னுருவேன்மா” என்றார். வேலை தெரிந்தவர்களின் கண்டிப்பு அது.

பந்து தேடுவதிலும் அப்படித்தான். மரக்கூட்டத்துக்குள் போன பந்தை நான் கைவிட்டிருந்தேன். அவர் பந்து போன திசையைப் பார்க்கவில்லை, எந்த மரத்தில் கிளை ஆடியது என்று பார்த்திருக்கிறார். நேரே போய் எடுத்தார். அப்படி எடுத்த பந்துக்கு அடுத்த அடியை எங்கே அடிப்பது என்பதில்தான் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு இடைவெளி எனக்குத் தெரிந்தது. “அது ஓட்டை இல்லம்மா, ஆசை” என்று சொல்லி, பக்கவாட்டில் ஃபேர்வேக்கு எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

மைதானத்தை ஒட்டிய பழைய கல்லறைத் திடலில் மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் கல்லறை இருக்கிறது. பதுளைப் பக்கம் அதிகாரம் செய்தவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்வார்கள். 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். செத்த பிறகும் விடாமல் அந்தக் கல்லறையில் திரும்பத் திரும்ப இடி விழுந்தது, கல் பிளந்தது என்பது ஊர்க்கதை. எங்கள் தோட்டத்திலும் இந்தக் கதையைச் சொல்வார்கள், யானைகளின் எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் கூடும். அண்ணன் அந்தத் திசையில் கை காட்டிச் சொன்னது வேறு: “இடி சத்தம் கேட்டா, நீங்க எத்தனை நல்லா ஆடிக்கிட்டு இருந்தாலும் நான் பையைத் தூக்கிட்டுப் போயிருவேன். முன்னாலயே சொல்லிர்றேன்.”

விதியும் அவர் பக்கம்தான். மின்னல் ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால், யாருடைய அனுமதியும் இல்லாமல் ஆட்டத்தை நிறுத்தலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே பின்னேரத்தில் இடி மழை வருவது சகஜம். ஆகவே காலை நேரமாகப் பார்த்து வாங்குங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவ மழை தொடங்கிவிட்டால் நாள் முழுக்கத் தூறல். ஜனவரி முதல் மார்ச் வரைதான் எனக்குப் பிடித்த காலம். ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பு முழுக்க மேலே ஏறி வந்துவிடும். ரோட்டில் வாகனம் நகராது, அறை வாடகை எங்கேயோ போய்விடும். அந்த மாதத்தில் கோல்ஃபுக்கென்று வருவது வீண்.

ஆட்டம் முடிந்து கிளப்ஹவுஸ். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டத்துத் துரை பங்களா பெரிதானது போல இருக்கிறது. உள்ளே மரப் பலகை பதித்த பார். பழைய மரமும் மெழுகும் சேர்ந்த வாசனை. பில்லியர்ட்ஸ் மேசையில் இரண்டு வயதானவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தபோது ஒருவர் மெதுவாகத் தலையசைத்தார். அனுமதியா, போகச் சொன்னாரா தெரியவில்லை, அனுமதி என்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

சாப்பாடு துரைமார் காலத்துச் சாப்பாட்டுக்குப் பெயர்போனது. ஆட்டிறைச்சிச் சொப்ஸ், புதினா சோஸ், அந்த வகை. சம்பலும் கருவாடும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது சாதுவான சாப்பாடு. அந்தச் சாப்பாட்டின் நோக்கமே அதுதான் என்பதால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சான்ட்விச்சோடு நிறுத்திக்கொண்டு, பசிக்கு டவுனில் போய்ச் சோறும் கறியும் சாப்பிட்டேன். தேத்தண்ணீர் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்து குடித்தே ஆக வேண்டும். பதினெட்டாவது குழிக்கு வருகிறவர்கள் கடைசிப் புட்டைத் தவறவிடுவதை வெளியே இருந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இவர் அந்த வராந்தாவில்தான் முழுக் காலையும் கழித்தார். பத்திரிகை, பிளேன்டீ, அப்புறம் இன்னொரு பிளேன்டீ. ஆடாதவர்களைக் கூட்டிப் போனால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: ஒன்றும் செய்ய வேண்டாம். கிளப் ஊருக்குள்ளேயே இருப்பதால் விக்டோரியா பூங்காவுக்கு நடந்து போகலாம், த்ரீவீலர் பிடித்தால் சீதாஎலிய அம்மன் கோயில், ஹக்கலைப் பூந்தோட்டம். பிள்ளைகள் இருந்தால் வாவிக்கரை. உள்ளேயே அடைத்துவைத்து, நீச்சல் குளமும் ஸ்பாவும் காட்டிப் பொழுதுபோக்க வைக்கிற ரிசோர்ட் இது இல்லை.

அந்த மாதிரி வேண்டுமென்றால் இலங்கையிலேயே வேறு இடம் உண்டு. கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு மைதானம். டொனல்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறந்தது. நீர்த்தேக்கத்தையும் நக்கிள்ஸ் மலையையும் பார்த்துக்கொண்டு ஆடலாம், தங்கவும் வசதி. அம்பாந்தோட்டையில் ஷங்ரிலா ஹோட்டலோடு சேர்ந்த மைதானம் 2016இல் வந்தது. தென்னை, கடல், வெயில். கொழும்பில் ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப், 1879இல் தொடங்கியது; அதன் நடுவே களனிவெளி ரயில் பாதை போகிறது, ரயில் வந்தால் ஆட்டம் நின்று வழிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தனித்தனி அழகு. காட்சிக்குத் திகனை. சொகுசுக்கு அம்பாந்தோட்டை. பழைய மைதானத்தில், உயரத்தில், நடந்து, ஒரு நல்ல கேடியோடு ஆட வேண்டுமென்றால் என் ஓட்டு நுவரெலியாவுக்குத்தான்.

நடந்து என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்ற இறக்கம், மெல்லிய காற்று. கீழே இருந்து வந்த அன்றைக்கே ஆடினால் ஐந்தாவது குழியில் மூச்சு வாங்கும். ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை ஆடுங்கள். முடியாதவர்கள் ஒன்பது குழியோடு நிறுத்திக்கொண்டாலும் காசு வீணில்லை. தண்ணீர் போத்தல் கையோடு கொண்டு போங்கள், குளிர் என்பதால் தாகம் தெரியாது. வெயிலும் அப்படித்தான், சுடாது, ஆனால் மூக்கு உரியும்.

கட்டணத்தைப் பற்றி: வெளிநாட்டவருக்கும் உள்ளூராருக்கும் வேறு வேறு, வார நாளுக்கும் வார இறுதிக்கும் வேறு. ரூபாய் விலை போகிற போக்கில் நான் இங்கே எழுதுகிற எண் நீங்கள் படிக்கும்போது பொய்யாகியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கேடிக் கட்டணம் தனி. அதற்கு மேல் கையில் கொடுப்பது உங்கள் விருப்பம். அந்த விருப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து ஆட்களின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு எத்தனை வருசப் போராட்டம் வேண்டியிருந்தது, 2021இல்தான் ஆனது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பதினெட்டுக் குழிக்கும் பையைச் சுமந்து, மட்டை தேர்ந்து, பந்து தேடி, நம்முடைய அசட்டுத்தனத்தையும் பொறுத்துக்கொள்கிற ஒருவருக்கு, பாரில் ஒரு கிளாஸுக்குக் கொடுக்கிற காசைக் கொடுக்க யோசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

இன்னொன்று, அவரிடம் கேளுங்கள். வெளியூரார் பலர் கேடியைப் பை தூக்கிக்கொண்டு கூட நடப்பவராக மட்டும் வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற தூரம் அளக்கும் கருவியைப் பார்த்து அடிக்கிறார்கள். அந்தக் கருவிக்கு தூரம் மட்டும்தான் தெரியும். எட்டரை மணிக்கு ஏழாம் அயர்னா எட்டாம் அயர்னா என்று அதற்குத் தெரியாது. தமிழில் பேசினால் இன்னும் தாராளமாகச் சொல்வார்கள், என் அனுபவத்தில். சிங்களக் கேடிமாரும் உண்டு, அவர்களுக்கும் தமிழ் ஓரளவு புரியும், மலைநாட்டில் அப்படித்தான்.

யாருக்கு இது சரிவராது? நீளமாக அடிக்கிறவர்களுக்கு, வண்டியில் ஏறிச் சுற்றி வர நினைக்கிறவர்களுக்கு, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் வேண்டும் என்கிறவர்களுக்கு. ஆட்டம் தொடங்கி ஒரு வருசம் ஆகாதவர்களும் முதலில் வேறெங்காவது பழகிவிட்டு வரலாம், குறுகல் ஃபேர்வே மனசை உடைத்துவிடும். பெண்கள் தனியாகப் போகலாமா என்று என் அலுவலகத் தோழி கேட்டாள். தாராளமாகப் போகலாம். நான் தனியாகத்தான் ஆடினேன், பின்னால் வந்த நாலு பேர் கூட்டம் அவசரப்படுத்தவில்லை; அண்ணனே அவர்களுக்குச் சைகை காட்டி ஒரு இடத்தில் முன்னால் போக விட்டார்.

ரயிலில் வருகிறவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும், அங்கிருந்து டவுனுக்கு பஸ்ஸும் த்ரீவீலரும் இருக்கின்றன. த்ரீவீலர் என்றால் ஏறுவதற்கு முன்னாலேயே விலை பேசிவிடுங்கள். மட்டைப் பையோடு ரயிலில் வருவது ஏப்ரலிலும் டிசம்பரிலும் நடக்காத காரியம், வாடகை மட்டையை நம்பி வரலாம். கையுறை இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள், காலைப் பனியில் ஒன்று நனைந்துவிடும். பந்து நிறையத் தேவைப்படும். தீர்ந்துபோனால் கேடிமாரிடமே கேளுங்கள், மரத்தடியில் பொறுக்கி வைத்த நல்ல பந்து கடை விலையில் பாதிக்குக் கிடைக்கும். நான் வாங்கியதில் ஒன்று, காலையில் அந்தத் தம்பி மரத்துக்குள் விளாசியதாக இருக்க வேண்டும், அச்சு அப்படியே புதிதாக இருந்தது.